அம்மாவின் பெருவிரல் நகம்

அம்மாவின் வலது கைப் பெருவிரல் நகம் இன்னும் நேராக வளர்வதில்லை. மருந்தடிப்பை விட்டு எத்தனையோ வருடமாகிறது. நகம் மட்டும் மறக்கவில்லை.

சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, பால் வெட்டிய பெண்களில் பலரை மருந்தடிக்க அனுப்பினார்கள். விடியும் முன்னே பிரட்டு. மண்டோர் பெயர் கூப்பிட்டதும், முதுகில் 18 லிட்டர் பம்பைச் சுமந்துகொண்டு நிரை நிரையாக நடக்க வேண்டும். பம்பு ஒழுகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா வீடு திரும்பும்போது வரும் அந்த வாடையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

"கையுறை குடுக்கலையாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "குடுத்தாங்க. கிழிஞ்சா வேற குடுக்கல. யாராச்சும் பாக்க வர்ற அன்னிக்குப் புதுசு வரும், சாயங்காலம் திருப்பி வாங்கிக்குவாங்க" என்றார்.

மூக்கில் ரத்தம் வந்தது. நகம் கறுத்து விழுந்தது. தோட்டத்து டிரெசர் "வெயில் சூடு" என்று எழுதி மாத்திரை கொடுத்தார். எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த இரண்டு சொற்கள்தான். மருந்தால் வந்தது என்று எழுதியிருந்தால் சொக்சோவிடம் தொழில்சார் நோய் என்று கேட்டிருக்கலாம். சூடு என்று எழுதியதால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போயிற்று.

அக்காலத்தில் தோட்டங்களில் பரவலாக அடித்த களைக்கொல்லிகளில் ஒன்று பாராகுவாட். தவறிக் குடித்தால் ஒரு மிடறே உயிரை வாங்கும். மாற்று மருந்து கிடையாது. தோலில் பட்டால் புண், நகம் கழறுதல், மூக்கில் ரத்தம். சுவீடன் இதை 1983-இல் தடை செய்தது. சுவிட்சர்லாந்து 1989-இல் தடை செய்தது. இதைத் தயாரித்து விற்றுவந்த சின்ஜெண்டாவின் தலைமையகம் இருப்பதே அந்த நாட்டில்தான்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் அனுமதி போன பிறகும் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஆலையிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி நடந்தது. தங்கள் வயலுக்கு ஆகாதது நம் தோட்டத்துக்கு ஆகுமாம்.

நம் நாட்டில் இதைப் பேசவைத்தவர்களில் முக்கியமானவர் ஐரீன் பெர்னாண்டஸ். சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், தோட்ட மேற்பார்வையாளரின் மகள். அவர் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப்போய்க் கேட்டு 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தடையை அறிவித்தது. கொண்டாடியவர்களுக்கு ஆயுசு நான்கே வருடம். 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். ஐரீன் அதைப் பார்க்கவில்லை, 2014-இலேயே காலமாகிவிட்டார்.

பாராகுவாட் போனாலும் மருந்தடிப்பு போகவில்லை. வேறு மருந்து, வேறு முதுகு. இன்று தோட்டங்களில் பெரும்பாலும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்கள், பலர் குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள். "அவன் என் ஆள் இல்லை, குத்தகைக்காரன் ஆள்" என்பது நிர்வாகங்களின் பழைய பதில். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. இப்போது வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் பொறுப்பு உண்டு. உடனடி ஆபத்து என்றால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். முதலாளி கடமை தவறினால் விதிக்கக்கூடிய அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாகியிருக்கிறது. எழுத்தில் நல்ல சட்டம்தான். ஆனால் நிரைக்குள் நிற்பவனுக்கு அவன் மொழியில் இதை யார் சொன்னார்கள்?

போன மாதம் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பீடோங் பக்கம் போனேன். பழைய தோட்டத்தில் பாதி வீடமைப்புப் பகுதி, மீதி செம்பனை. ரோட்டோரம் ஒரு பையன் பம்போடு நின்றான். முகத்தில் துண்டு, கையில் ஒன்றுமில்லை. அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"தம்பி, காத்துக்கு எதுக்க நின்னு அடிக்காதய்யா."

அவனுக்குப் புரியவில்லை. அம்மா மலாய்க்கு மாறினார். "ஜங்கான் லவான் அங்ஙின்!"

அவன் சிரித்துத் தலையாட்டினான். திரும்பி நின்றுகொண்டான். நான் காரை நகர்த்தும்வரை அம்மா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.