விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்!

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? பளபளக்கும் பெயிண்டைப் பார்க்கிறார்கள். புதிய சீட் உறையைப் பார்க்கிறார்கள். உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் மழை பெய்கிறது. மறுநாள் கதவைத் திறந்தால் ஒரே நாற்றம்! காலடியில் ஈரம்!

உடனே கடைக்கு ஓடுகிறார்கள். வாசனைப் புட்டி ஒன்றும், புதிய ரப்பர் விரிப்பு ஒன்றும் வாங்கி வருகிறார்கள். அதுதான் தப்பு! நாற்றம் மறைந்துவிடும். ஈரம் அடியிலேயே தங்கிவிடும்.

சீட் பெயர்ந்துவிடும்!

பழைய கார் என்றதும் நமக்கு நினைவு வருவது அம்பாசடர். இங்கிலாந்தின் "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் செய்யப்பட்டது. 2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, கடைசியாக வந்த வண்டிக்குக்கூட 10 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

அதன் தகடு கெட்டியானதுதான். ஆனால், ஈரம் தங்கினால் எந்த இரும்பும் துருப்பிடிக்கும். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் தரைத் தகட்டில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன. தகடு இற்றுப்போனால், வண்டி எதிலாவது மோதும்போது சீட் ஆளோடு பெயர்ந்துவிடலாம்.

தண்ணீர் எப்படி வருகிறது?

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் டார்ச் விளக்குடன் காருக்குள் உட்கார வேண்டும். மற்றவர் வெளியே நின்று, குவளையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் கதவின் கீழ்ப்பகுதியில் ஊற்றுங்கள். பிறகு கண்ணாடியைச் சுற்றி ஊற்றுங்கள். கடைசியாகக் கூரை மேல். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்பது தெரியாது.

பெரும்பாலும் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். ரப்பரை மாற்ற வேண்டும்.

கதவின் அடியிலும் பாருங்கள். அங்கே சிறு துவாரங்கள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. பட்டி பூசுகிறவர் சில சமயம் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்! மெல்லிய குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

துருவுக்கு என்ன வழி?

ஸ்க்ரூடிரைவர் முனையால் துருவை அழுத்திப் பாருங்கள். தகடு உறுதியாக இருந்தால் நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் பூசலாம்.

முனை உள்ளே இறங்கினால் பட்டி பூசிப் பயன் இல்லை. இற்ற இடத்தை வெட்டிவிட்டுப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன், சீட்டையும் விரிப்பையும் வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய் தரைக்கு அடியில் போகிறது என்பதை மறக்காதீர்கள்!

பியூசும் பிரேக்கும்

விரிப்புக்கு அடியில் ஒயர்களும் ஓடுகின்றன. பழைய ஒயரின் மேலுறை வெடித்து, தகட்டில் உராய்ந்தால் பியூஸ் போகும். சிலர் அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் பியூஸ் போகாது, ஒயர் பழுக்கும். பக்கத்தில் இருப்பதோ சீட்டுக்குள் அடைத்த தேங்காய் நார்! காருக்குள் தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்?

இன்னொரு தப்பு, பிரேக் ஆயில் குறைந்தால் என்ஜின் ஆயிலை ஊற்றுவது. பிரேக்கில் உள்ள ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் பிடிக்காது. யாராவது அப்படி ஊற்றியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஆக, முதலில் ஒழுக்கு. பிறகு துரு. அதன் பிறகு ஒயர். கடைசியில்தான் சீட் உறையும், கூரைத் துணியும்.

கூரை ஒழுகினால் முதலில் ஓடு மாற்றுகிறோம். பிறகுதான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். வீட்டுக்கு உள்ள முறைதான் காருக்கும்!