காமிரா வாங்கப் போனோம்!

"சித்தி, சின்ன சென்ஸார் போதுமா, பெரிய சென்ஸார்தான் வாங்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்" என்றாள் என் அக்காவின் பெண்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்ஸார் என்றால் சினிமாப் படத்தைப் பார்த்துக் கத்தரி போடுகிறவர்கள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அவர்களில் சின்னவர், பெரியவர் உண்டா? அவர்களை விலை கொடுத்து வேறு வாங்க முடியுமா?

"சினிமா சென்ஸார் இல்லை, சித்தி. காமிராவுக்குள் இருக்கிற சென்ஸார்" என்று சிரித்தாள் அவள்.

விஷயம் இதுதான். குழந்தை பிறந்த பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். மூன்று வருஷமாக வீட்டோடு இருக்கிறாள். இதற்கிடையில் அவள் செல்போனில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டு வளைகாப்புக்கு வந்து எடுத்துத் தருகிறாயா?", "ஆண்டு நிறைவுக்கு வருகிறாயா?" என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்கள். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

என் அக்கா எட்டு வருஷமாகக் கட்டி வந்த சீட்டு அந்த மாதம்தான் முடிந்து, ஒன்றரை லட்சம் கைக்கு வந்திருந்தது. வளையல் செய்துகொள்ள வைத்திருந்த பணம். "வளையல் எங்கே ஓடிப் போகிறது? நீ காமிரா வாங்கிக்கொள்" என்று பெண்ணிடம் நீட்டிவிட்டாள். மாப்பிள்ளை, "உன் இஷ்டம்" என்றார். அந்த "உன் இஷ்டம்" எந்த ராகத்தில் சொல்லப்பட்டது என்பதைச் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

ஆகவே காமிரா சரியாக அமையாவிட்டால் அக்காவின் வளையலும் போச்சு. "அப்போதே சொன்னேனே" என்கிற வார்த்தையும் ஆயுசுக்கும் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

கடைக்குப் போனோம். அங்கிருந்த பையன், "தொழிலுக்கு என்றால் புல்-பிரேம்தான், மேடம். கிராப் எல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு" என்று அடித்துச் சொன்னான். அவன் காட்டிய புல்-பிரேம் காமிராவும் அதனோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரை லட்சமும் அன்றே தீர்ந்துவிடும். "யோசித்து வருகிறோம்" என்று திரும்பினோம்.

அப்பளமும் தாம்பாளமும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். அவரிடம் போய் முறையிட்டோம். அவர் சொன்ன விளக்கம், சமையலறையை விட்டு வெளியே வராதவர்களுக்குக்கூடப் புரியும்.

"லென்ஸ், வெளிச்சத்தை உள்ளே வட்டமாகத்தான் போடும், அம்மா. ஓர் அப்பளம் என்று வைத்துக்கொள். அந்த அப்பளத்துக்குள் நீள் சதுரமாக ஒரு துண்டு வெட்டினால் அதுதான் படம். பெரிய துண்டாக வெட்டினால் புல்-பிரேம். நடுவிலிருந்து சின்னதாக வெட்டினால் கிராப்."

பெரிய துண்டின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். சின்ன துண்டு நிக்கான் காமிராவில் சுமார் 23.5-க்கு 15.6, கானன் காமிராவில் இன்னும் கொஞ்சம் குறைவாக 22.3-க்கு 14.9. பரப்பைக் கணக்குப் பார்த்தால் பெரியது சின்னதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

"அதனால் என்ன லாபம், மாமா?" என்றாள் பெண்.

"முற்றத்தில் மழை பெய்கிறது. ஒரு தாம்பாளத்தையும் ஒரு சின்னத் தட்டையும் வைக்கிறாய். எதில் தண்ணீர் அதிகம் சேரும்?"

"தாம்பாளத்தில்தான்."

"வெளிச்சமும் அப்படித்தான். அதிகம் சேர்ந்தால் படம் பளிங்கு மாதிரி இருக்கும். குறைவாகச் சேர்ந்தால், மங்கின இடத்தில் ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் ஒன்று! மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பதைத் தட்டு தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது லென்ஸ். கடைக்காரப் பையன் உனக்குத் தாம்பாளத்தைக் காட்டினான். மழையைப் பற்றிச் சொன்னானா?"

நாங்கள் இருவரும் விழித்தோம்.

சின்னது எப்படிப் பெரிதாயிற்று?

இந்த 36-க்கு 24 என்ற அளவுக்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்தில் லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்று ஒருவர் வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமாத் தொந்தரவு. அந்த நாளைய கனமான காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு நடந்தால் மூச்சு வாங்கும். ஆகவே சினிமா பிலிமில் படம் எடுக்கும் சின்னக் காமிரா ஒன்றை 1914-க்குள் செய்து முடித்தார். சினிமாப் படம் ஒன்றின் அளவு 24-க்கு 18 மில்லிமீட்டர். அதை இரட்டிப்பாக்கினார், 36-க்கு 24 ஆயிற்று. 1925-இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்ற பெயரில் அந்தக் காமிரா வெளிவந்தது. அன்று அதைப் பொடிக் காமிரா என்றார்கள். இன்று நாம் "முழு அளவு" என்று மரியாதை கொடுப்பது அந்தப் பொடியனுக்குத்தான்!

டிஜிட்டல் காலம் வந்தபோது கதை மாறிற்று. சென்ஸாரை ஒரு வட்டமான சிலிக்கன் தகட்டில் செய்து வெட்டி எடுக்கிறார்கள். துண்டு பெரிதானால் ஒரு தகட்டில் கிடைப்பது சில. எங்காவது சிறு பழுது இருந்தாலும் அந்தப் பெரிய துண்டு முழுவதும் வீண். ஆகவே விலை ஏறுகிறது. 1999-இல் வந்த நிக்கான் டி-1 காமிராவில் சின்ன சென்ஸார்தான் இருந்தது. பெரிய சென்ஸாரோடு கான்டாக்ஸும் கானனும் 2002-இல் காமிரா கொண்டுவந்தன. 2003-இல் கானன் 300-டி என்ற கிராப் காமிரா ஆயிரம் டாலருக்குள் வந்த பிறகுதான், சாதாரணக் குடும்பத்தாரும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவை எண்ணிப் பார்க்க முடிந்தது.

ஒரு நாள் வாடகை

"என் பேச்சையும் நம்பாதே, பையன் பேச்சையும் நம்பாதே. இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்" என்றார் பெரியவர். அதுவும் நல்ல யோசனையாகப் பட்டது. உறவில் ஒரு வளைகாப்பு வந்தது. கிராப் காமிரா ஒன்று, புல்-பிரேம் ஒன்று, இரண்டிலும் பொருந்தக்கூடிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஜூம் ஒன்று என்று வாடகைக்கு எடுத்தோம்.

காலையில் எங்கள் பெரியம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து இரண்டிலும் எடுத்தாள் பெண். எண்பத்து நாலு வயது முகம். ஒவ்வொரு சுருக்கமும் அப்படியே விழுந்திருந்தது. எந்தப் படம் எந்தக் காமிராவில் எடுத்தது என்று எங்களால் சொல்லவே முடியவில்லை. பெரியவரிடம் காட்டினேன். "எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் நானும் திண்டாட வேண்டியதுதான்" என்றார்.

மாலையில்தான் சோதனை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரு சின்னக் கூடம். புல்-பிரேமில் ஜூம் லென்ஸை மாட்டினாள். ஜூமை நீட்டினால் அதன் கண் 5.6 வரைதான் திறக்கும். (லென்ஸில் இந்த எண் சிறிதாக இருந்தால் கண் பெரிது என்று அர்த்தம்.) வளையல் அடுக்கும் கை ஆடாமல் விழ வேண்டுமானால், ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்வு எண்ணை 6400-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. படத்தில் பெண்ணின் கன்னத்தில் ரவை தூவியிருந்தது.

பிறகு கிராப் காமிராவில் 50 லென்ஸை மாட்டினாள். அதன் கண் 1.8 வரை திறக்கும். 5.6-ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம்! ஐ.எஸ்.ஓ. 640 போதுமானதாக இருந்தது. கன்னம் கன்னமாகவே இருந்தது. தூறலில் வைத்த தாம்பாளத்தைவிட, கொட்டுகிற மழையில் வைத்த சின்னத் தட்டில் தண்ணீர் அதிகம் சேர்ந்துவிட்டது.

அதே 50 லென்ஸைப் புல்-பிரேமில் மாட்டியபோது இன்னும் மேலாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கொட்டுகிற மழையில் தாம்பாளத்தையே வைத்தாற்போல்! பின்னணியும் இன்னும் மெத்தென்று மங்கிற்று. ஆனால் ஆல்பத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

கிராப் காமிராவின் சங்கடம் ஒன்றும் அன்று தெரிந்தது. அப்பளத்தின் நடுத் துண்டை மட்டும் எடுப்பதால், அதில் 50 லென்ஸ் 75 அல்லது 80 லென்ஸ் மாதிரி நெருக்கிக் காட்டுகிறது. பத்துப் பெண்களைச் சேர்த்து எடுக்க, எங்கள் பெண் பின்னால் நகர்ந்தாள், நகர்ந்தாள், கடைசியில் சமையலறைக் கிரைண்டரில் போய் முட்டிக்கொண்டாள். சின்ன வீடுகளில் கிராப் காமிராவோடு 18-லிருந்து தொடங்கும் ஜூம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். தவிர, இரண்டு வரிசையாக நிற்பவர்களைக் கண்ணை அகலத் திறந்து எடுத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் விழும். அதற்குப் பிளாஷ் விளக்கைக் கூரையை நோக்கித் திருப்பிப் போடுவதே வழி.

யாருக்கு எது?

குழந்தைகள், வீட்டு விசேஷம், யாத்திரை, சிறு தொழிலின் தொடக்கம் இவற்றுக்குக் கிராப் தாராளமாகப் போதும். வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவைகளை எடுப்பவர்களுக்கு அதுவே சௌகரியமும்கூட. 200 லென்ஸ் 300 மாதிரி நெருங்கிக் காட்டும். மங்கிய மண்டபங்களில் இரவெல்லாம் முகூர்த்தம் எடுப்பதே பிழைப்பு என்பவர்களுக்கும், சுவர் அளவு படம் போட்டுத் தருகிறவர்களுக்கும் புல்-பிரேம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஆனால் அதற்குத் தகுந்த லென்ஸும் வாங்க வசதி வேண்டும்.

எடையையும் யோசியுங்கள். நிக்கான் டி-3500 என்ற கிராப் காமிரா 415 கிராம். டி-850 என்ற புல்-பிரேம் 1,005 கிராம். நல்ல ஜூம் லென்ஸையும் மாட்டினால் இரண்டு கிலோவைத் தாண்டும். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கப் போகிற கனம் அது.

பின்னால் புல்-பிரேமுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே ஜாக்கிரதை! கானனில் கிராப் காமிராவுக்கென்று செய்த இ.எப்.-எஸ். லென்ஸ், புல்-பிரேம் எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது. நிக்கானின் டி.எக்ஸ். லென்ஸ் மாட்டும், ஆனால் சென்ஸாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்யும். 50 லென்ஸ் போன்ற முழு அளவு லென்ஸை வாங்கினால் இரண்டுக்கும் உதவும்.

இன்று புதிய மாடல்கள் பெரும்பாலும் உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' காமிராக்களாகவே வருகின்றன. அவற்றிலும் இதே சின்னது, பெரியது உண்டு. எஸ்.எல்.ஆரைப் பழைய சாமானாகச் சகாயமாக வாங்கலாம். வாங்குமுன் எத்தனை ஆயிரம் படம் எடுத்த காமிரா என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் பீரோவில் துணிகளோடு வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அதுவே காவல்.

கடைசியில் எங்கள் பெண் என்ன வாங்கினாள் என்று கேட்கிறீர்களா? நல்ல நிலையில் இருந்த பழைய கிராப் காமிரா ஒன்று, 18-லிருந்து தொடங்கும் ஜூம் ஒன்று, 50 லென்ஸ், ஒரு பிளாஷ், மாற்று பாட்டரி, இரண்டு மெமரி கார்டு. மீதியை எண்ணி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். பாதிக்கு மேலேயே மிச்சம்! அக்கா அதை மறுபடியும் வளையல் கணக்கில் போட்டுவிட்டாள்.

போன மாதம் முதல் சம்பாத்தியம் வந்தது. ஒரு சீமந்தம். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அத்தைமார், நாத்தனார், பாட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சென்ஸார் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! "இதில் என் புடவைக் கரை நன்றாக விழுந்திருக்கிறது பார்" என்றாள் ஒருத்தி. பாட்டி மட்டும் தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் இன்னொரு பிரதி எனக்கு வேண்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். மாப்பிள்ளை காமிராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடேன்" என்றார். அது எந்த ராகம் என்பதையும் சகோதரிகளே அறிவார்கள்!