பத்து சிலிண்டர் சங்கராபரணம்

ஃபார்முலா ஒன் கார் எஞ்சின் பாட்டுப் பாடுமா? பாடியிருக்கிறது! அதுவும் பிரெஞ்சுக்காரர்களான ரெனோவின் எஞ்சின், அப்போது 'காட் சேவ் தி குயின்' என்று பாடப்பட்ட பிரிட்டனின் தேசிய கீத மெட்டை உறுமி உறுமிப் பாடியது. நமக்கும் அது பழகிய மெட்டுதான். முத்துசுவாமி தீட்சிதர் 'சந்ததம் பாஹிமாம்' என்ற நொட்டுஸ்வரத்தை அமைத்தது இதே மெட்டில்தானே!

வாருங்கள், ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். பாட்டுக்குக் கார் நகர வேண்டியதே இல்லை. ஆனால் சாவியைத் திருகியதும் கிளம்புகிற எஞ்சினும் இல்லை இது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அவ்வளவு நெருக்கம். ஆறிக் கிடந்தால் அசைந்துகூடக் கொடுக்காது. முதலில் சூடான நீரை உள்ளே ஓடவிட்டுப் பதமாக்குகிறார்கள். பிறகு காரின் பின்பக்கம் ஸ்டார்ட்டர் தண்டைச் செருகி, ஒரு சுழற்று. அவ்வளவுதான், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்!

இனி வித்வான் யார்? லேப்டாப்! ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பி வடம் கிடையாது, கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்தால் காற்று வாயை அதுவே திறந்து மூடுகிறது.

சுற்று எப்படி ஸ்வரமாகிறது? எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் தந்த கணக்கு இது. 2005-இல் ஃபெர்னாண்டோ அலோன்சோவைச் சாம்பியனாக்கிய ரெனோ எஞ்சினுக்குப் பத்து சிலிண்டர். ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஆக, ஒரு சுற்றுக்கு ஐந்து வெடி. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று, 500 வெடி. காதுக்கு அது வெடியாகவா கேட்கும்? நீண்ட ஒற்றை ஸ்வரமாகத்தான் கேட்கும். அந்த எஞ்சினில் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் இடையே 72 பாகை. அதனால் வெடிகள் சம இடைவெளியில் விழுகின்றன. 72 என்றதும் மேளகர்த்தா ராகங்கள் ஞாபகம் வந்தால் நீங்களும் என் கட்சி!

6,000-ஐ ஸ என்று வையுங்கள். ரி 6,750. க 7,500. ம 8,000. ப 9,000. த 10,000. நி 11,250. மேல் ஸ 12,000. சங்கராபரண ஆரோகணம் இப்படி வழவழவென்று விழும் என்று யார் நினைத்தார்கள்! எட்டு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் அதே ஸ-வுக்கு 7,500 சுற்று வேண்டும்.

கீதத்தின் முதல் அடி ஸ ஸ ரி, நி ஸ ரி. 6,000, 6,000, 6,750. மந்திர நிஷாதத்துக்கு 5,625-க்கு இறங்கி, மறுபடி 6,000, 6,750. சிக்கல் அந்த முதல் இரண்டு ஸ-வில் இருக்கிறது. நடுவில் விட்டுப் பிடிக்காவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே ஸ ஆகிவிடும். அதனால் ஒரு கணம் அடக்கி, அடுத்த கணம் அதே உயரத்துக்குத் தூக்க வேண்டும். இந்த எஞ்சினின் பாகங்கள் அத்தனை இலேசு என்பதால், சொன்ன சொல்லுக்கு உடனே ஏறி இறங்குகிறது. ஊர்க் காரில் முயன்றால் பாட்டு சவ்வாக இழுக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? முழுக் கீதமும் 10,000 சுற்றுக்குள், தைவதத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தார பஞ்சமம் வரை, அதாவது 18,000 சுற்று வரை, இடம் சும்மா கிடக்கிறது! பியானோ போல இது கட்டை கட்டையாகத் தாவுவதும் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கித்தான் போக முடியும். ஜாரு பிறவியிலேயே வாய்த்த வாத்தியம்! இதற்குப் போய் நொட்டுஸ்வரத்தோடு நிறுத்தலாமா? யாராவது அந்த லேப்டாப்பில் ஒரு தில்லானாவை எழுதிக் கொடுங்களேன், மத்திம காலத்தில்.