தள்ளுவண்டியை அப்புறப்படுத்த யாருக்கு அதிகாரம்? நகர விற்பனைக் குழு பற்றி ஒரு விளக்கம்

மாலை ஆறு மணி. அசோக் நகர் மெட்ரோவில் இருந்து இறங்கி வருபவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முழம் பூ, அரை கிலோ தக்காளி, ஒரு பிளேட் பஜ்ஜி என்று வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். திடீரென ஒருநாள் மாநகராட்சி லாரி வந்து நின்றால் அந்த வண்டிகளின் கதி என்ன? நடைபாதையை அடைத்தால் தூக்கத்தானே செய்வார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், சட்டம் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை.

எந்தச் சட்டம்?

சாலையோர வியாபாரம் அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(g) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கால் நூற்றாண்டு கழித்துதான் இதற்கென தனிச் சட்டம் வந்தது. தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாத்து, வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய சட்டம் 2014 மே 1-ல் அமலுக்கு வந்தது. இதன் மையப்புள்ளிதான் நகர விற்பனைக் குழு.

குழுவில் யார் யார்?

தலைவர், மாநகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40% பேர் வியாபாரிகள். அவர்களை அதிகாரிகள் நியமிக்க முடியாது. வியாபாரிகளே தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தொண்டு நிறுவனங்கள், சமூக அமைப்புகளுக்குக் குறைந்தது 10%. மீதி இடங்களில் போக்குவரத்து போலீஸ், காவல்துறை, திட்டமிடல் அமைப்பு, மருத்துவ அதிகாரி, வணிகர் சங்கம், வங்கிகள் என்று பலர். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அதாவது, 'நடக்க இடமில்லை' என்று புலம்பும் அபார்ட்மென்ட்வாசிகளின் குரலும் அங்கே ஒலிக்கலாம்.

குழுவால் என்ன செய்ய முடியும்?

● கணக்கெடுப்பு: தன் எல்லைக்குள் உள்ள எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இது நடக்கணும்.

● சான்றிதழ்: கணக்கெடுப்பில் வந்த, 14 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். இடம் உண்டு என்றால் 'முடியாது' என்று சொல்ல முடியாது. உச்சவரம்பு, மக்கள்தொகையில் 2.5%. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு இடம் உண்டு.

● ரத்து: நிபந்தனையை மீறினால் சான்றிதழை ரத்து செய்யலாம். ஆனால், வியாபாரியின் பக்கத்தைக் கேட்காமல் செய்யக் கூடாது. மேல்முறையீடும் உண்டு.

எங்கே அதிகாரம் நிற்கிறது?

இங்கேதான் சிக்கல். எந்தத் தெரு விற்பனைப் பகுதி, எது தடைசெய்யப்பட்ட பகுதி என்பதில் குழு பரிந்துரைதான் செய்யும், அறிவிப்பது மாநகராட்சி. தெரு வியாபாரத் திட்டத்தைத் தயாரிப்பதும் மாநகராட்சியே. அதற்கு ஒப்புதல் தருவது மாநில அரசு. வண்டியை அகற்றுவதும் குழு அல்ல, மாநகராட்சிதான்.

அப்போ குழு வெறும் பேச்சுக்கா? அதுவும் இல்லை. கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது பிரிவு 3(3). கணக்கெடுக்கும் வேலை குழுவுடையது. எனவே, குழு தன் வேலையை முடிக்காத ஊரில் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புவதே சட்டப்படி கேள்விக்குரியது.

சரி, லாரி வந்துவிட்டால்?

சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒரு வியாபாரியை அகற்ற 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். அதன் பிறகும் நகராவிட்டால்தான் அப்புறப்படுத்தலாம். பொருட்களைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வியாபாரியிடம் தர வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால், காய்கறி, பழம் போன்ற அழுகும் பொருட்களை அன்றே திருப்பித் தரணும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள்.

ஒரு தட்டுக் கூடைப் பூவின் ஆயுள் ஒரு நாள்தான். அன்றைக்கே கைக்கு வரவில்லை என்றால் போட்ட முதலும் போச்சு, கடனுக்கு வட்டியும் ஏறும். 'அன்றே' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

சான்றிதழ் நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவரை போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 27. மறுபக்கம், சான்றிதழ் இல்லாமல் விற்றாலோ நிபந்தனையை மீறினாலோ ரூ.2,000 வரை அபராதம் உண்டு.

புகார்களை விசாரிக்கத் தனிக் குழு வேண்டும் என்கிறது பிரிவு 20. முன்னாள் உரிமையியல் நீதிபதி அல்லது நீதித்துறை நடுவர் அதன் தலைவராக இருக்க வேண்டும். மாநகராட்சி ஊழியர்கள் அதில் உறுப்பினராக முடியாது.

நமக்கு என்ன?

நடைபாதை நடப்பவருக்கும் வேண்டும், விற்பவருக்கும் வேண்டும். யாருக்கு எத்தனை அடி என்பதை லாரி வரும் நேரத்தில் முடிவு செய்யாமல், முன்கூட்டியே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத்தான் இந்தக் குழு. அடுத்த முறை வழக்கமான பூக்காரம்மாவிடம் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அக்கா, கணக்கெடுத்துட்டாங்களா? கார்டு வந்துச்சா?" இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்றால், அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிரிவு 3(3).