கடையில் கூடுதல் பிளக் பாயிண்ட்: கவனிக்க வேண்டியவை



முன்பெல்லாம் ஒரு மளிகைக் கடைக்கு இரண்டு டியூப் லைட், ஒரு மின்விசிறி, சாமி படத்துக்கு ஒரு சிறு விளக்கு போதும். இன்று எலெக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி என்று சாதனங்கள் பெருகிவிட்டன. ஒயரிங் மட்டும் பழையதாகவே இருக்கிறது. சரக்கு இறக்கப் போகும் பல கடைகளில் நாங்கள் காண்பது, ஒரு பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு பாக்ஸ். அதன் பக்கத்திலேயே தீப்பெட்டி பண்டலும் எண்ணெய் டின்னும்! பல லட்சம் ரூபாய்ச் சரக்கை ஓர் ஒயரை நம்பி விட்டுவிட்டு இரவில் கடையைப் பூட்டுகிறோம்.

கணக்கு எளிது. நமது மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். 16 ஆம்பியர் பிளக் தாங்குவது 3,680 வாட். டீ போட வாங்கும் 1,500 வாட் கெட்டில் ஒன்றே சிறிய பிளக்குக்கு அதிகம். குளிர்சாதனப் பெட்டியோ, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டைக் கிளம்பும்போது எடுக்கும்.

எனவே தராசு, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு இருக்கிற போர்டிலிருந்து பாயிண்ட் எடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்கு மெயினிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. வேண்டும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் நல்லது, 2.5-க்குக் குறையவே கூடாது. எர்த் ஒயர் இல்லாத பழைய ஒயரிங்கில் மூன்று துளை பிளக்கை மாட்டினால் அது வெறும் அலங்காரமே. புது லைனோடு எர்த்தும் வர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிட்டால், ஈரக் கையோடு வேலை செய்யும் பையன்களின் உயிருக்குக் காவல்.

பழைய அலுமினிய ஒயரோடு தாமிர ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஆகாது. அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடாகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று பெரியதாக மாற்றுவதும், பீஸ் கட்டையில் கனத்த கம்பி கட்டுவதும் அதைவிட ஆபத்து. காவல்காரனை உறங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது அது.

இன்னொன்று. கடைக்குப் பின்னால் வீடு இருந்தால், வீட்டு லைனிலிருந்து கடைக்கு ஒயர் இழுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கேட்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்கிடுவார்கள். மிச்சம் பிடித்த காசு ஒரே நாளில் போய்விடும். கடை இணைப்பின் மின்பளு போதவில்லையென்றால் கூடுதல் மின்பளு கேட்டு மின்வாரியத்தில் மனுக் கொடுப்பதே முறை.

வேலையைத் தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளரிடமே கொடுங்கள். ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்து, அவரை வைத்துப் போர்டுகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கருகிய வாடையோ, கை வைத்தால் சூடோ தெரிந்தால் பூஜை வரை காத்திராமல் அன்றே மாற்றிவிட வேண்டுகிறோம்.