பிரிக்கலாகாச் செயல்

அணு என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்முட் பலர்க்குப் பௌதிகசாலை நினைவிற்கு வரும். யாம் ஈண்டுக் கூறப்புகுந்தது கணிப்பொறியின்கண் நிகழும் அணுச்செயலைப் பற்றியதாகும். பிளக்கவொண்ணாதது என்னும் பொருளுடைய பழைய கிரேக்கச் சொல்லை மேனாட்டார் இதற்கும் இட்டு வழங்குகின்றனர். தொடங்கிய செய்கையொன்று முடியுமளவும் பிறர் எவரும் அதனிடையே புகவியலாதாயின், அஃது அணுச்செயல் எனப்படும்.

மாணவர் விடுதி ஒன்றில் கணக்கேடு ஒன்றும் கணக்கர் இருவரும் உளரெனக் கொள்வோம். முதற் கணக்கர் ஏட்டில் 40 என்றிருக்கக் கண்டு மனத்துள் ஒன்று கூட்டுகின்றார். அவர் எழுதுமுன் மற்றவரும் 40 என்றே கண்டு தாமும் ஒன்று கூட்டுகின்றார். பின்னர் இருவரும் 41 என்று எழுதுகின்றனர். உண்டவர் இருவர், கணக்கில் ஏறியவரோ ஒருவரே. கணக்கர் இருவருள் எவரும் பிழை செய்திலர் என்பதே இதிலுள்ள விந்தை. கணிப்பொறியும் படித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று படியாகவே எண்ணை உயர்த்துகின்றது.

இது விடுதிச் சோற்றுக் கணக்கோடு ஒழிவதன்று. தெராக்-25 என்னுங் கதிர்வீச்சு மருத்துவ யந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள்மீது அளவிறந்த கதிரைப் பாய்ச்சிற்று. அவருட் சிலர் மாண்டனர். அதன் நிரல்கள் பொதுவாக ஆண்ட குறிப்புக்களைப் பார்ப்பதும் மாற்றுவதும் பிரிக்கலாகாச் செயலாய் அமைந்தில என்பது பின்னர் ஆராய்ந்தோர் கண்ட குறைகளுள் ஒன்று.

பெருஞ் செயலிகளில் இம் மூன்று படிகளையும் ஒன்றாக்கும் கட்டளைகள் உண்டு. சிறு செயலிகள் பலவற்றில் அவை இல. அவ்வாறாயின் என் செய்வது?

செயலி ஒன்றே இருப்பின் வழி எளிது. இடையே புகுவது வெளியினின்று வரும் குறுக்கீடு ஒன்றே ஆதலின், மூன்று படியும் முடியுமளவும் அதனைத் தடுத்து வைத்துப் பின் விடுவித்தல் போதும். ஆயின் நெடுநேரந் தடுத்தால் வெளிச் செய்திகள் தவறிப்போம்; பயனர் நிரல்கட்கோ தடுக்கும் உரிமையே பெரும்பாலும் இராது. இதற்கு 1992-இல் பெர்ஷாடும் அவர் துணைவரும் வெளியிட்ட உபாயம் மிக நயமானது. குறுக்கீட்டைத் தடுக்க வேண்டா. அது நடுவே வந்து செயலியைப் பிறிதொரு நிரலுக்கு ஈந்ததாயின், மீளும்போது விட்ட இடத்தினின்று தொடராது முதற் படிக்கே திருப்பிவிடுக என்றனர். எழுதுதல் கடைசிப் படியாகவே இருத்தலின், மீண்டுந் தொடங்குவதால் கேடொன்றும் இன்று.

செயலிகள் இரண்டாயின் இவை பயன்படா. ஒன்றின் குறுக்கீட்டை அடைத்தாலும் மற்றது தன்பாட்டிற்கு ஓடும். படித்தலும் எழுதுதலும் மாத்திரமே கொண்டு இதனைத் தீர்க்கும் நெறியை டச்சு நாட்டு அறிஞர் டெக்கர் இருவர்க்குக் கண்டார். டைக்ஸ்ட்ரா 1965-இல் பலர்க்கு விரித்தார். 1981-இல் பீட்டர்சன் இருவர்க்குரியதை மிகச் சுருக்கினார். பீட்டர்சன் முறையில் உட்புக விரும்புவோன் தன் கொடியை உயர்த்திப் பின் பொதுப் பலகையில் 'முறை உனது' என மற்றவன் பெயரை எழுதுவான். மற்றவன் கொடி உயர்ந்திருக்க, பலகையிலும் அவன் பெயரே இருக்குமளவும் காத்திருப்பான். பலகையில் ஒரு பெயரே நிற்குமாதலின், பின்னர் எழுதியவனே காத்திருக்க நேரும். எழுத்தைத் தாமதித்து முந்திப் படிக்கும் இக்காலச் செயலிகளில், வரிசை காக்குந் தனிக் கட்டளைகளைச் சேர்த்தாலன்றி இம்முறை பொய்த்துவிடும்.

2021-இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை பைக்கோ என்னுஞ் சிறு பலகையின் சில்லில் இவ்வகைச் செயலிகள் இரண்டு உள்ளன. அதனை இயற்றியோர் 32 பூட்டுக்களைச் சில்லிலேயே அமைத்தனர். ஒரு பூட்டின் முகவரியைப் படித்தலே அதனைக் கைப்பற்றுதல். சுழியல்லாத எண் வரின் பூட்டு நமது, சுழி வரின் பிறர் கையில் உளது. படித்தல் ஒரே செயலாதலின் இருவர்க்கும் அது கிட்டாது. எனினும் பூட்டுமுன் தன் குறுக்கீட்டையும் தடுத்தல் வேண்டும். இன்றேல், பூட்டைப் பிடித்தவனை இடைமறித்த குறுக்கீடு அதே பூட்டை நாடி நிற்கும். பிடித்தவனோ குறுக்கீடு முடிந்தாலன்றி விடுவிக்க இயலான். இருவரும் என்றும் நிற்பர்.

மாணவர் பெரும்பாலும் தவறுமிடம் இன்னொன்று. ஓர் எண்ணை வாளா எழுதுதற்குப் பூட்டு எதற்கு, அது ஒரே கட்டளையன்றோ என்பர். ஒரு செயலி பூட்டிக்கொண்டு 40-ஐப் படித்திருக்க, மற்றது பூட்டாது சுழியை எழுதுவதாகக் கொள்க. முன்னது பின் 41 என எழுதும். சுழி சுவடின்றி மறையும். ஆகவே, பூட்டினால் அணுச்செயலைப் போலி செய்யுமிடத்து வெறும் எழுத்தும் அப்பூட்டின் வழியே செல்லல் வேண்டும்.