மரத்தூளும் மூச்சும்: பார்த்து வாங்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்கள்



கடை விடுமுறை நாளில் வீட்டுப் பின்கட்டில் சிறு மரவேலை பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. ஸ்டூலுக்குக் கால் போடுவோம். சரக்கு அடுக்கும் பலகையைச் சீர் செய்வோம். அப்படித்தான் சென்ற மாதம் என் தகப்பனார் காலத்துத் தேக்குக் கல்லா மேசையை நானே உப்புத்தாள் போட உட்கார்ந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று மின்சாரத் தேய்ப்பு மெஷினும் வாங்கினேன். மிளகாய் மூட்டை பிரிக்கும்போது கட்டுகிற அதே துண்டை வாயில் கட்டிக்கொண்டேன்.

இரவு முழுவதும் இருமல். காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை பழுப்பாக இருந்தது. "துண்டு எதைத் தடுக்கும் என்று நினைத்தீர்கள்?" என்றார் டாக்டர்.

நெல் சல்லடையில் மாவு நிற்குமா? தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். மூச்சுக் குழாய்க்குள் இறங்கும் நுண்தூசியோ 10 மைக்ரானுக்கும் குறைவு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பல ஆண்டுகள் தினமும் சுவாசிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். முக்கியமாக மூக்கினுள் வரும் புற்று. எப்போதாவது தேய்ப்பவர்கள் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்கு ஒரு நாள் தூசியே போதும்.

முகக்கவசம்: 2020-இல் வாங்கி மீந்த துணிக் கவசம் இதற்கு உதவாது. என்-95 அல்லது எஃப்.எஃப்.பி-2 ரகம் கேளுங்கள். நம் நாட்டுத் தர எண் ஐ.எஸ். 9473 அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு நாடா போவது நன்றாகப் பொருந்தும். மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட்டு, இரு கைகளாலும் கவசத்தை மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தாலும் கசியும். இன்னொன்று: இந்தக் கவசம் தூசியைத் தடுக்குமே தவிர, வார்னிஷ், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த கவசம் தனி.

கண், காது: சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது; பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதுக்கு அடைப்பான் அவசியம்.

உடை: சுழலும் மெஷினில் தளர்வான கையுறை, வேட்டி நுனி, தோள் துண்டு மூன்றும் சிக்கும். என் துண்டு மூச்சுக்கும் உதவவில்லை. கூடுதல் அபாயமாகவும் இருந்திருக்கிறது!

பழைய பெயின்ட்: வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூசி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடையுங்கள். சட்டையை மாற்றிய பிறகே பேரக் குழந்தையைத் தூக்குங்கள்.

கடைசியாக ஒன்று. நம் கடை அலமாரிகளை எல்லாம் செய்து கொடுத்த ஆசாரி இருபத்தைந்து வருடமாக என் கண் முன்னால்தான் தேய்க்கிறார். கூலி கொடுத்தேன், தேநீர் கொடுத்தேன், கவசம் கொடுக்கவில்லை. அவர் இருமும்போது பீடிதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஒரு நாள் தேய்த்த எனக்கே அந்தப் பாடு என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு வாங்கும்போது அவருக்கும் ஒரு பெட்டி வாங்கினேன். "இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன முதலாளி?" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பெட்டியில் பாதி இப்போது மிளகாய்க் கிடங்குப் பையன்களிடம் இருக்கிறது. ஆசாரிதான் பிரித்துக் கொடுத்தார். சாக்கு, சணல் செலவோடு இதையும் நம் பேரேட்டில் ஒரு வரியாக எழுதுவோம்.